நான் உரித்த பிளாஸ்திரி

ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு மருந்துகளைச் சேர்த்து எழுதினால் நம் மருந்தகத்தின் கணினித் திரையில் இப்போது ஒரு சிவப்புக் கட்டம் வருகிறது. போன மாதம் வந்திருந்தபோது பார்த்தேன். பொட்டாசியம் சிரப் என்று தட்டியதுமே, அதே சீட்டில் இருந்த ரத்த அழுத்த மாத்திரையைக் காட்டி எச்சரித்தது. கவுன்டரில் இருந்த தம்பி அதைப் படிக்காமலே மூடிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினார். நாள் முழுக்க வந்துகொண்டே இருந்தால் யார்தான் படிப்பார்கள்?

"உங்க காலத்துல இதெல்லாம் எப்படிங்க சார் கண்டுபுடிச்சீங்க?" என்று அவரே கேட்டார். மருத்துவமனை மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படியும் சொன்னார்.

எங்கள் காலத்தில் சிவப்புக் கட்டம் கிடையாது. கலைவாணி இருந்தார். இன்று உங்களுக்குத் தலைமை மருந்தாளுநராக இருக்கும் அதே கலைவாணிதான். எனக்கு அவர்மேல் பொறாமை. அவர் வேலைக்கு வந்த இரண்டாம் மாதம் தொடங்கியது, நான் ஓய்வு பெற்ற பிறகும் தீரவில்லை. அதை விட்டுவிட்டு நான் எதை எழுதினாலும் பாதி பொய்யாகிவிடும். எழுதியதை மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில் இரண்டு வருட டிப்ளமோ. பிறகு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் ஆறு வருடம். அங்கே மருந்துப் பெயர்களைவிட மருத்துவர்களின் கையெழுத்தைத்தான் படித்தேன். கல்யாணமான வருடம் நாமக்கல்லுக்கு இந்த மருத்துவமனைக்கு வந்தேன். மருந்தகத்தில் அப்போது நான் ஒருவன்தான்.

எங்கள் பெரிய டாக்டரைப் பார்க்காதவர்களுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பச்சை மையில்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் கையெழுத்துப் போடமாட்டார். பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, எழுதிய மருந்துகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். வார்டு சுற்றில் நாங்கள் யாராவது "சரிங்க டாக்டர்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் விடமாட்டார். "எது சரி?" என்பார். சிறுநீரகத்துக்குச் சரியா, ஏற்கெனவே போகிற மாத்திரைக்குச் சரியா, இந்த ஆள் விழுங்குவதற்குச் சரியா என்று நாம் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகுதான் பேனா திறக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பதினோரு வருடம் அவர் நிமிர்ந்து பார்க்கும்போது என்னைத்தான் பார்த்தார்.

கலைவாணி ராசிபுரம். தறிக்காரக் குடும்பம். வயதில் எனக்குப் பதிமூன்று வருடம் இளையவர். என்னைப் போலவே டிப்ளமோதான். வேலைக்குச் சேர்ந்தபோது சிரப் அளக்கும் மூடியைக்கூடக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அவர் வந்த இரண்டாம் மாதம் அவர் ஊர்க்காரப் பெண்மணி ஒருவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். பேதி நிற்காமல் போனதில் பொட்டாசியம் குறைந்துவிட்டது. பெரிய டாக்டர் பொட்டாசியம் மாத்திரை எழுதி வாசித்து நிமிர்ந்தார். நான் சிறுநீரகம் சரி, மற்ற மருந்துகள் சரி என்று சொன்னேன். பேனாவைத் திறக்கப் போனார்.

"ஏனுங்க பெரியம்மா, சோறு எப்படி இறங்குதுங்க?" என்று கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து கலைவாணி கேட்டார்.

"சோறெங்க கண்ணு இறங்குது. ஒரு வருசமாக் கஞ்சிதான். கட்டியா எதத் தின்னாலும் நெஞ்சுல நின்னுக்குது."

பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். உணவுக்குழாய் குறுகிப்போனவர்களுக்கு அந்த மாத்திரை வழியிலேயே நின்று, நின்ற இடத்தைப் புண்ணாக்கும். புத்தகத்தில் நானும் படித்ததுதான். மாத்திரையை அடித்துவிட்டு, தண்ணீரில் கலந்து கொடுக்கும் சிரப்பாக மாற்றி எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் கலைவாணியைப் பார்த்து, "இப்போ சரியா?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து அவர் நிமிர்ந்தால் என் தோளுக்கு மேலாகப் பார்ப்பார், கலை எங்கே நிற்கிறார் என்று. நான் கேட்காத எதையும் கலை கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் சீட்டைக் கேட்பேன், கோப்பைக் கேட்பேன். அவர் படுத்திருப்பவரைக் கேட்பார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் எரிந்தது.

என் மகள் நிவேதா பள்ளிக்கூடம் விட்டு நேராக மருந்தகத்துக்கு வருவாள். என் மனைவி வேலை முடிந்து அவளைக் கூட்டிப் போகும்வரை பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். முதலில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கலைவாணியின் மேசைக்கு மாறினாள். "கலைக்கா, இது ஏன் வெளிச்சம் படக்கூடாது? கலைக்கா, இதை ஏன் ஐஸ்பெட்டியில வெக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் பத்தாம் வகுப்பு முடித்த சித்திரை மாதம், சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள், "நான் கலைக்கா மாதிரி ஆகப்போறேன்ப்பா." அவள் அம்மா சிரித்துக்கொண்டே, "ஏன்டி, அதே வேலைதான உங்கப்பனும் பாக்குறாரு?" என்று கேட்டாள். நிவேதா தட்டைப் பார்த்தபடி, "அது வேறம்மா" என்றாள்.

அடுத்த நாள் கலைவாணி விடுப்பு. ராசிபுரத்தில் கல்யாணம். அன்றைக்குத்தான் பாவாயி அம்மா வந்தார்.

அவருடைய கணவர் குப்புசாமி கோழிப்பண்ணை வைத்திருந்தார். சர்க்கரை, இதய பலவீனம் இரண்டும் உண்டு. சர்க்கரையால் சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு கால் வீங்கி மூச்சு வாங்கி வந்தவருக்கு நீர் பிரிய மாத்திரை கொடுத்தோம். அந்த மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கால் துவண்டு எழவே முடியாமல் இருந்தார். பொட்டாசியம் சிரப் கொடுத்ததும் எழுந்து நடந்தார். அதனால் அந்தக் குடும்பத்துக்கு அந்தச் சிரப்பின்மேல் பெரிய நம்பிக்கை.

அடுத்த முறை காட்ட வந்தபோது பெரிய டாக்டர் ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்த்தார். இதுவும் நீர் பிரியத்தான், ஆனால் இது பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையும் அதே குணம் உடையது. சோர்ந்த சிறுநீரகம் வேறு. ஆகவே சிரப்பை நிறுத்த வேண்டும் என்று கோப்பில் எழுதினார். கோப்பு மருத்துவமனையில் இருக்கும். நோயாளி கையில் இருப்பது சீட்டு.

நம் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தவிடும் தண்ணீரும் படுகிற கை என்பதால், முக்கியமான காகிதம் எதுவானாலும் லேமினேட் போட்டுவிடுவார்கள். தடுப்பூசி அட்டவணை, கரண்ட் அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் பளபளவென்று ஒரே வளையத்தில் தொங்கும். மருந்தை நிறுத்தினால் சீட்டில் சிவப்பு மையால் அடித்து முத்திரை குத்துவது எங்கள் முறை. லேமினேட் தாளில் மை நிற்காது. அதனால் கலைவாணி காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, சிரப் எழுதியிருந்த வரியின்மேல் ஒட்டி, அதன்மேல் 'நிறுத்தம் - கலை' என்று எழுதியிருந்தார்.

"வூட்டுக்காரருக்கு மறுபடியும் காலு தளருதுங்க. அந்தத் தண்ணி மருந்து ரெண்டு பாட்டிலு குடுங்க" என்றார் பாவாயி அம்மா.

நான் சீட்டைப் பார்த்தேன். 'கலை' என்ற அந்த இரண்டு எழுத்தும் என்னைப் பார்த்தன. பெரிய டாக்டரின் சீட்டில், அவர் கையெழுத்துக்கு மேலே, இவர் கையெழுத்து. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். சுலபமாக வந்துவிட்டது. அடியில் பச்சை மை தெளிவாக இருந்தது.

"அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லுச்சுங்களே?"

"அந்தப் புள்ளையா டாக்டர்? டாக்டர் எழுதியிருக்கறதப் பாருங்க."

"நீங்க பெரியவங்க. நீங்க சொன்னாச் சரிங்க சாமி."

கோப்பு அறை இருபதடி தூரத்தில் இருந்தது. கூட்டம் இருந்ததால் போகவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அன்று கூட்டமே இல்லை. பொட்டாசியம் குறைந்தாலும் கால் தளரும், கூடினாலும் கால் தளரும் என்பதும் எனக்குத் தெரியும். பாட்டிலில் எங்கள் மருந்தகத்தின் ஒட்டுத்தாளை ஒட்டி, ஒரு தம்ளர் தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்று எழுதி, இரண்டு பாட்டிலையும் நானே கொடுத்தேன். பிளாஸ்திரியை உருட்டிக் குப்பையில் போட்டேன். அன்று முழுவதும் மனம் லேசாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

ஆறாம் நாள் காலை குப்புசாமியை அவருடைய முட்டை வண்டியிலேயே படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நாடி நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. இதய வரைபடத்தில் அலைகள் கூடாரம் போலக் கூராக நின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் ஏழு புள்ளி இரண்டு. ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் கவலைப்படுவோம்.

பெரிய டாக்டர் வரிசையாகக் கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன். முதலில் கால்சியம் ஊசி, மெதுவாக, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயம் நின்றுவிடாமல் காக்கும். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின், பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்களுக்குள் தள்ள. பிறகு ஆஸ்துமாவுக்குப் பிடிக்கிற அதே புகை மருந்து, அதுவும் உள்ளே தள்ளத்தான். என் கையிலிருந்து ஒரு கால்சியம் குப்பி கீழே விழுந்து உடைந்தது. கலைவாணி குனிந்து துண்டுகளைப் பொறுக்கிவிட்டு வேறொரு குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

அலைகள் கொஞ்சம் தணிந்த பிறகு, பாவாயி அம்மாவின் மருந்துப் பையைக் கலைவாணி மேசைமேல் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே ஒரு சிரப் பாட்டில் காலியாகவும் இன்னொன்று பாதியாகவும் இருந்தன. ஒட்டுத்தாளில் இருந்தது என் கையெழுத்து. அதைப் படித்தார். லேமினேட் சீட்டை எடுத்துத் திருப்பினார். பிளாஸ்திரி இருந்த இடத்தில் பசை மிச்சமிருந்து தவிட்டுத் தூசி ஒட்டிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதை விரலால் ஒருமுறை தடவினார். என்னைப் பார்க்கவில்லை.

"சிரப்பும் சாப்பிட்டிருக்கறாருங்க டாக்டர்."

"நிறுத்தினேனே. யார் குடுத்தது?"

"விசாரிக்கறேங்க" என்றார் கலை.

மறுநாள் பொட்டாசியம் ஐந்து புள்ளி நான்குக்கு இறங்கியது. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், குப்புசாமிக்காகக் கொஞ்சமும் எனக்காக நிறையவும். மூன்றாம் நாள் மறுபடியும் ஆறு புள்ளி மூன்று. எல்லா மருந்தையும் நிறுத்தியாகிவிட்டது. சாப்பாடு மருத்துவமனைச் சாப்பாடு. இளநீர் கிடையாது, பழம் கிடையாது. பெரிய டாக்டர் கட்டில் அருகே நின்று பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்படி அவரை நான் பார்த்ததில்லை. சிறுநீரகம் முழுதாகப் போயிருக்குமோ, சேலத்துக்கு டயாலிசிஸுக்கு அனுப்ப வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். அனுப்பினால் வழியிலேயே இதயம் நின்றுவிடலாம்.

கலைவாணி கட்டிலுக்கடியில் இருந்த ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். தண்ணீர் லேசான ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"இது என்னங்க அம்மா?"

"தண்ணிதானுங்க. ஊட்லருந்து கொண்டாந்தது."

"நிறமா இருக்குதுங்களே?"

பாவாயி அம்மா கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார், "வெயிலுக்குக் கோழி துவண்டுபோனா ஒரு பவுடர் கரைச்சு ஊத்துவமுங்க. ஊத்துனா எந்திரிச்சு நின்னுக்கும். இவரு ரெண்டு மூணு வாரமா அதத்தான் குடிக்கறாரு. நாப்பதாயிரம் கோழிக்கு ஒத்துக்கறது எனக்கு ஒத்துக்காதாடி, அப்படீம்பாரு."

படுத்திருந்த குப்புசாமி கண்ணைத் திறக்காமலே, "முட்டை வெக்கலைன்னாத்தான் தப்பு" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டார். கலைவாணி சிரிக்கவில்லை. பண்ணைக்கு ஆள் அனுப்பி அந்தப் பொட்டலத்தை வரவழைத்தார். பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பெரிய டாக்டரிடம் காட்டினார். உப்பு, சோடா உப்பு, பொட்டாசியம் குளோரைடு. நாங்கள் பாட்டிலில் கொடுக்கிற அதே பொருள். பாட்டிலைப் பிடுங்கி வைத்த மூன்றாம் நாள் குப்புசாமியின் பொட்டாசியம் நாலரைக்கு வந்தது. எட்டாம் நாள் நடந்தே வண்டி ஏறினார்.

அன்று வார்டில் எல்லோர் முன்னாலும் பெரிய டாக்டர் சொன்னார், "நான் புத்தகம் பாத்துட்டு இருந்தேன். கலை கட்டிலுக்குக் கீழ பாத்தாங்க." இனிமேல் பண்ணைக்காரர் யார் வந்தாலும் கோழிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுக் கோப்பில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். நீங்கள் இப்போது நிரப்புகிற படிவத்தில் இருக்கும் அந்தக் கேள்வி இப்படித்தான் வந்தது. சிரப்பை யார் கொடுத்தது என்ற கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் தப்பு அந்த ஆரஞ்சுத் தண்ணீருக்குள் கரைந்துபோனது.

என் மனநிலையை நேராகச் சொல்கிறேன். கலையால்தான் நான் தப்பித்தேன். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் வாயே திறக்கவில்லை. "அண்ணா, டீ வந்துருச்சுங்க" என்று மறுநாளும் அதே குரலில் கூப்பிட்டார். குப்புசாமி ஒரு மாதம் கழித்து எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு அட்டை முட்டை கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் இல்லீன்னா நான் இல்லீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்திலும் கலைக்குக் கொடுத்த அட்டையில் முட்டைகள் பெரிதாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. என் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடமாகிறது. நிவேதா மருந்தியலில் ஆறு வருடப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். பயிற்சி நம் மருத்துவமனையில்தான், கலைவாணியின் கீழ். வேறு ஊரில் இடம் கிடைத்தும் இங்கேதான் வருவேன் என்று நின்றாள். அவள் பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால்கூடத் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். அதைவிடப் பெரியது, ஒருநாள் இவளும் என்னைப் போல ஒன்றைச் செய்துவிடுவாளோ என்ற பயம். என் பெண்தானே.

தேர்வுக்காக ஒரு நோயாளியின் கதையை விரிவாக எழுதி விளக்க வேண்டும். அவள் எடுத்தது குப்புசாமியின் பழைய கோப்பை. மூன்று வாரத்துக்கு முன்பு என்னிடம் வந்தாள்.

"அப்பா, சிரப் நிறுத்தச் சொல்லிக் கோப்புல இருக்கு. சேர்த்த அன்னிக்கு 'சிரப்பும் சாப்பிட்டிருக்கார்'னும் இருக்கு. நடுவுல எப்படி வந்துச்சு? கலைக்காகிட்டக் கேட்டேன். அப்பாகிட்டக் கேளுன்னாங்க."

"ஞாபகம் இல்லையேம்மா" என்றேன்.

அவள் போய்விட்டாள். ஒரு வாரம் கழித்து எழுதி முடித்ததை மேசைமேல் விட்டுப் போயிருந்தாள். எடுத்துப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது: 'பவுடர் மட்டும் இவ்வளவு ஏற்றாது. சிரப் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இதை எழுதினால், பண்ணைக்காரர்தான் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டார் என்று ஆகிவிடும்.'

அதை இரண்டு முறை படித்தேன். குப்புசாமியைப் பார்த்து எட்டு வருடமாக எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கோழி மருந்தைக் குடித்தவர் என்று ஒவ்வொரு புதுப் பயிற்சிக்காரருக்கும் அந்தக் கதை சொல்லப்படுகிறது. அவர் குடித்தார், உண்மை. ஆனால் அவரை ஏழுக்கு மேலே ஏற்றிவிட்டதில் என் கையும் இருந்தது. என் பெண் அதைத் தன் பெயரில் எழுதி எல்லோர் முன்னாலும் படிக்கப்போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து அவள் மோர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். பிளாஸ்திரியைச் சொன்னேன். அதில் இருந்த இரண்டு எழுத்தைச் சொன்னேன். முந்தின நாள் அவள் தட்டைப் பார்த்துச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது அவள்மேல் பழியைப் போடுவதாகிவிடும். இப்போது நான் எழுதும் இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வாள். பதினைந்து வயதுப் பெண் ஆயிரம் பேசலாம். உரித்தது என் நகம்.

அவள் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நிவேதா கை கழுவிவிட்டு நோட்டை எடுத்து வந்தாள்.

"எத்தனை பாட்டில்ப்பா?"

"ரெண்டு."

"எத்தனை மில்லி, எத்தனை வேளை?"

"பதினஞ்சு மில்லி. மூணு வேளை."

"ஆறு நாள்." பேனா ஒரு கணம் நின்றது. எழுதிக்கொண்டாள். "மருந்தாளுநர்னு மட்டும் போட்டுக்கவா?"

"என் பேரையே போடு."

"பேரெல்லாம் போடமாட்டாங்கப்பா" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். ஜன்னல் திறந்திருந்தது.

"அக்கா, அப்பா சொல்லிட்டாங்க." அந்தப் பக்கம் கலை ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லைங்க்கா, நான் மறுபடி கேக்கவே இல்ல. அவங்களேதான்."

அப்படியானால் நிவேதாவுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. கலை மறுமுனையில் நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தார். நிவேதா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். என் பெண் அழுவதற்கு அந்தக் குரலிடம் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது, எட்டு வருடத்துக்கு முன்பு அந்தச் சீட்டைப் பார்த்தபோது எரிந்த அதே இடத்தில், அதே மாதிரி எரிந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.